இறக்குமதியால் வேலை இழக்கும் நெசவு, ஆடைத் தொழிலாளருக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து பெறக்கூடிய அரச உதவிகள் பற்றிய முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்ததால் வேலை போனது என்று நிரூபிக்கும் தொழிலாளருக்குத் தனியான கொடுப்பனவும் பயிற்சியும் வழங்கும் சட்டத்தை ஐக்கிய அமெரிக்கா 1962இல் இயற்றியது; 1974ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டம் அதை விரிவாக்கியது; 2022 யூலை முதல் அங்கும் புதிய விண்ணப்பங்களுக்கு அனுமதி வழங்கப்படுவதில்லை. இலங்கையில் அத்தகைய சட்டம் இருந்ததே இல்லை. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு நாடெங்கும் கைத்தறிகள் ஓயத் தொடங்கியபோதும், 2000 மார்ச்சில் இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோதும், 2005 சனவரியில் உலக ஆடை வர்த்தகத்தில் நாடுகளின் ஏற்றுமதி அளவை வரையறுத்த பங்கீட்டு முறை முடிவுக்கு வந்தபோதும் அதற்கென ஒரு நிவாரணச் சட்டம் கொண்டுவரப்படவில்லை. வேலையில்லாக் காலத்துக்கான காப்புறுதியும் எம்மிடம் இல்லை. இது பெரிய குறை. தொழிற்சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் விடாமல் கேட்க வேண்டிய ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் வேலை இழந்தவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நோக்கங்களுக்காக இயற்றப்பட்ட சட்டங்கள் சில அவருக்குக் கணிசமான உரிமைகளைத் தருகின்றன. இச்சட்டங்களில் எதுவும் வேலை ஏன் போனது என்பதைப் பெரிதாகக் கேட்பதில்லை. எந்த முறையில் வேலை முடிவுக்கு வந்தது, அதற்கு எழுத்தில் என்ன சான்று உண்டு என்பதையே கேட்கின்றன. ஆகையால் வேலை போகும் அந்தக் கடைசி வாரத்தில் நீங்கள் எதில் கையெழுத்து வைக்கிறீர்கள் என்பது, அடுத்து வரும் பல மாதங்களின் வருமானத்தைத் தீர்மானிக்கும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த வாரத்தைப் பற்றியது.

முதலாவது: உங்கள் வேலை எந்த வகையைச் சேர்ந்தது என்று தெளிவுபடுத்துங்கள்

அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையிலோ, கிளிநொச்சி, வவுனியாவிலோ, கட்டுநாயக்காவிலோ ஆடைத் தொழிற்சாலையொன்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தவர் ஒரு வகை. நாலைந்து தையல் இயந்திரங்களோடு இயங்கும் சிறு தையலகத்தில் வேலை செய்தவர் இன்னொரு வகை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நெசவுசாலையில் நெய்தவர் மூன்றாவது வகை. வீட்டில் சொந்தத் தறியில் நெய்து விற்றவர் நான்காவது வகை. ஒருவருக்குப் பொருந்தும் சட்டம் மற்றவருக்குப் பொருந்தாமல் போகலாம்.

அடையாளம் காண்பதற்கு மூன்று கேள்விகள் போதும். உங்களைப் பணியில் அமர்த்தியவர் யார்? அங்கே எத்தனை பேர் வேலை செய்தார்கள்? எத்தனை காலம் தொடர்ச்சியாக வேலை செய்தீர்கள்? இரண்டாவது கேள்விக்கான விடை பதினைந்தைத் தொடுகிறதா என்பது மிக முக்கியம். நியமனக் கடிதம் இல்லை, துண்டுக் கணக்கில்தான் கூலி தந்தார்கள் என்பதற்காக உரிமையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிகத் தொழிலாளரையும் துண்டுக் கூலிக்கு வேலை செய்வோரையும் உள்ளடக்குகிறது.

இரண்டாவது: விலகற் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம்

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, தொழிலாளரின் வேலையை முடிவுறுத்தல் தொடர்பான விசேட ஏற்பாடுகள் சட்டமே தனியார் துறைத் தொழிலாளரின் முதன்மையான காப்பு. ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரது வேலையை முடிவுக்குக் கொண்டுவருவதாயின், தொழில்தருநர் அந்தத் தொழிலாளரின் எழுத்து மூலமான முன் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான முன் அனுமதியையோ பெற்றிருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. கொள்வனவுக் கட்டளைகள் வரவில்லை என்பதற்காக ஆட்களைக் குறைப்பதும், மலிவான இறக்குமதித் துணியோடு போட்டியிட முடியவில்லை என்று ஆலையை மூடுவதும் இந்த விதிக்குள் அடங்கும். முந்திய ஆறு மாதங்களில் சராசரியாகப் பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிறுவனங்களுக்கும், 180 நாட்களுக்குக் குறையாத சேவைக்காலம் கொண்ட தொழிலாளருக்கும் இது பொருந்தும்.

சம்மதம் அல்லது அனுமதி என்ற இரண்டு வழிகளில் நிறுவனத்துக்கு எளிதானது முதலாவது என்பதைக் கவனியுங்கள். ஆணையாளரிடம் விண்ணப்பித்தால் விசாரணை நடக்கும். தொழிலாளர் தரப்பும் கேட்கப்படும். நட்டஈட்டை ஆணையாளர் தீர்மானிப்பார். தொழிலாளியே சம்மதித்து எழுதிக் கொடுத்துவிட்டால் இவை எதற்கும் இடமில்லை. அதனால்தான் மூடப்படும் இடங்களில், 'சுயவிருப்பின் பேரில் விலகுகிறேன்' என்ற அச்சிட்ட தாளும் ஒரு காசோலையும் ஒரே மேசையில் வைக்கப்படுகின்றன. காசோலையின் தொகை பெரிதாகத் தோன்றும். வீட்டிலே கடன் இருக்கும். அருகிலிருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு விட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தத் தொகை சட்டப்படி கிடைக்கக்கூடியதை விடக் கூடுதலா குறைவா என்று கணக்குப் பார்க்காமல் பேனாவைத் தொடக்கூடாது.

அந்தக் கணக்கு கடினமானதன்று. ஆணையாளர் பின்பற்றும் நட்டஈட்டுச் சூத்திரம் 2005இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. முதல் ஐந்து ஆண்டுச் சேவையில் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டரை மாதச் சம்பளம். ஆறாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரை ஆண்டுக்கு இரண்டு மாதச் சம்பளம். பதினைந்து முதல் பத்தொன்பது வரை ஒன்றரை மாதம். இருபது முதல் இருபத்துநான்கு வரை ஒரு மாதம். அதற்கு மேல் முப்பத்துநான்காம் ஆண்டு வரை அரை மாதம். மொத்தத் தொகைக்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு.

பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்து, மாதம் 35,000 ரூபாய் பெற்ற ஒரு தையல் இயந்திரத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பன்னிரண்டரை மாதச் சம்பளம். மிகுதி ஏழு ஆண்டுகளுக்குப் பதினான்கு மாதச் சம்பளம். ஆக இருபத்தாறரை மாதங்கள். தொகை 9,27,500 ரூபாய். இதற்கு வெளியே, பணிக்கொடையாக (ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம்; ஐந்தாவது பகுதியைப் பார்க்க) 2,10,000 ரூபாய் அவருக்குத் தனியாகச் சேரும். ஐந்து இலட்சத்துக்கு ஒரு காசோலையைக் காட்டி, இதில் எல்லாம் அடங்கும் என்று சொல்லப்படுமானால், அவர் இழப்பது ஆறு இலட்சத்துக்கும் கூடுதலான தொகை.

சுயவிருப்ப விலகல் திட்டங்கள் எல்லாமே தீங்கானவை என்று நான் சொல்லவில்லை. சூத்திரத்தை விடக் கூடுதலாகத் தரும் நிறுவனங்களும் உண்டு, அப்படித் தந்தால் ஏற்பது நியாயமே. ஆனால் எழுத்தில் கேளுங்கள். தொகை எப்படி வந்தது, பணிக்கொடை அதற்குள்ளா வெளியேயா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். அந்த அவகாசத்தைக் கூட மறுப்பவர் தரும் தாளில் கையெழுத்திடாமல் இருப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது: ஆவணங்களை ஆலைக் கதவு பூட்டப்படுமுன் எடுத்துக்கொள்ளுங்கள்

ஆலை மூடப்பட்ட பிறகு அலுவலகத்தில் ஆளிருக்காது. கோப்புகள் எங்கே போயின என்று தெரியாது. நியமனக் கடிதம், கடைசி ஓராண்டுக்கான சம்பளச் சிட்டைகள், நிறுவன அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதியின் 'பி' அட்டை, உங்கள் அங்கத்துவ இலக்கமும் நிறுவனத்தின் இலக்கமும், வங்கிக் கணக்கில் சம்பளம் வந்ததைக் காட்டும் அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளை வைத்திருங்கள். சம்பளச் சிட்டையில் அடிப்படைச் சம்பளம் என்று எழுதப்பட்ட தொகையைக் குறிப்பாகப் பாருங்கள். மேலதிக நேரக் கொடுப்பனவு பணிக்கொடைக் கணக்கில் சேராது. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும், 2026 சனவரியிலிருந்து 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைவான சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தால் கணக்கே தவறு.

அடையாள அட்டையில் உள்ள பெயரும் சேமலாப நிதிப் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக உள்ளனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தமிழ்ப் பெயர்களில் தந்தையின் பெயர் முன்னும் பின்னுமாக மாறிப் பதியப்படுவது சாதாரணம். திருமணத்தின் பின் பெயர் மாற்றியவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். வேலையில் இருக்கும்போது நிறுவனத்தின் ஒரு கடிதத்தால் தீரும் விடயம், பின்னர் சத்தியக்கடதாசி, கிராம அலுவலர் சான்று என்று நீளும்.

நான்காவது: தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு

அனுமதியின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் தாமதிக்காமல் தொழில் திணைக்களத்தில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். சட்டம் தரும் கால எல்லை மாதக்கணக்கிலேயே உள்ளது. நிறுவனம் மீண்டும் கூப்பிடும், அடுத்த பருவத்தில் கட்டளை வரும் என்று காத்திருந்து அதைத் தவறவிட்டவர்கள் ஏராளம். முதல் மாதத்திலேயே போய்விடுங்கள். வேலைத்தலம் அமைந்துள்ள பகுதியின் அலுவலகமே விசாரிக்கும். வெளிமாவட்டத்தில் வேலை செய்து ஊருக்குத் திரும்பியவர்கள் முதலில் யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் ஆலோசனை பெற்று, முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

முறைப்பாட்டுக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். வேலையில் சேர்ந்த திகதி, பதவி, கடைசிச் சம்பளம், வேலை நிறுத்தப்பட்ட திகதி, அது சொல்லப்பட்ட விதம், வேலை செய்தோரின் எண்ணிக்கை, நீங்கள் கோருவது என்ன என்ற வரிசையில் எழுதுங்கள். இறக்குமதித் துணியின் விலை பற்றியும் அரசாங்கக் கொள்கை பற்றியும் அங்கே எழுதுவதால் பயனில்லை. அந்த ஆதாரங்களுக்கு உரிய இடம் வேறொன்று உண்டு, அதைப் பின்னர் சொல்கிறேன். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். தமிழ் அரசகரும மொழி. கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால், தமிழ்ப் பிரதி தரும்படி எழுதிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கையளிக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதியிட்ட முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

பலர் ஒன்றாக நீக்கப்பட்டிருந்தால் ஒன்றாகப் போவது நல்லது. பதினைந்துக்குக் குறைவானோர் வேலை செய்த சிறு தையலகமாயின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் உதவாது. அவர்கள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குச் சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம். கர்ப்பிணியாக அல்லது மகப்பேற்று விடுமுறையில் இருந்தபோது நீக்கப்பட்ட பெண்கள் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மகப்பேற்றைக் காரணமாக வைத்து வேலையை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது.

ஐந்தாவது: பணிக்கொடை, சேமலாபம், நம்பிக்கைப் பொறுப்பு நிதி

இம்மூன்றும் உங்கள் சொந்த உழைப்பின் சேமிப்பு. எவருடைய தயவும் அல்ல.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுச் சேவையைப் பூர்த்தி செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் சேரும். நாட்கூலி பெற்றவருக்கு ஆண்டுக்குப் பதினான்கு நாள் கூலி. வேலை முடிவதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஏதேனும் ஒரு நாளாவது அங்கே பதினைந்து பேர் வேலை செய்திருந்தால் போதும். விலகியவருக்கும், விலக்கப்பட்டவருக்கும் இது உண்டு. முப்பது நாட்களுக்குள் செலுத்தப்படாவிட்டால், தாமதத்துக்கு ஏற்ப 10 முதல் 30 வீதம் வரை மேலதிகக் கட்டணம் சேர்த்துச் செலுத்த வேண்டும். நிறுவனம் இழுத்தடித்தால் இதே தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் சேர்கின்றன. முழுத் தொகையையும் பெறுவதற்கு ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது ஆக வேண்டும். வேலை போனது என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு முன் பெற முடியாது. பத்து ஆண்டு அங்கத்துவமும் குறைந்தது மூன்று இலட்சம் ரூபாய் மீதியும் உள்ளவர்கள், வீடு அல்லது மருத்துவத் தேவைக்காக 30 வீதம் வரை முன்கூட்டியே பெறலாம்.

இவ்விடத்தில் இளம்பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண்களுக்குச் சேமலாப நிதியைத் திருப்பிப் பெறும் வழி சட்டத்தில் உண்டு. ஆட்குறைப்பு நடக்கும்போது, 'கலியாணத்துக்காக விலகுகிறேன் என்று எழுதித் தாருங்கள், காசை உடனே எடுக்கலாம்' என்று ஆலோசனை சொல்வோர் இருப்பார்கள். அப்படி எழுதினால் அது சுயவிருப்ப விலகல் ஆகிவிடும். சேமலாபப் பணம் எப்படியும் உங்களுடையது, வட்டியோடு காத்திருக்கும். கைவிட்டுப் போவது திரும்பி வராத நட்டஈடு.

1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி தொழில்தருநர் தனியாகச் செலுத்தும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் இருக்கும். இதற்கு வயதெல்லை இல்லை. வேலை முடிவடைந்ததும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற நிபந்தனைக்கு உட்பட்டு, பெற்றுக்கொள்ளலாம். வேலை இழந்த குடும்பத்தின் கைக்கு முதலில் வரக்கூடிய பணம் பெரும்பாலும் இதுவே. எனவே இதற்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

ஆறாவது: கூட்டுறவு நெசவாளருக்கும் வீட்டுத் தறியாளருக்கும்

இவர்களது நிலைதான் மிகவும் கடினமானது. யாழ்ப்பாணத்தின் நெசவு ஒல்லாந்தர் காலத்திலேயே பெயர் பெற்றது. சாயவேர்ச் சாயம் தோய்த்த துணி இங்கிருந்து கடல் கடந்து போனது. 1970களில் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் தறிகளுக்கு ஓய்வே இருக்கவில்லை. பின்னர் சந்தை திறக்கப்பட்டது. அதன்மேல் போர் வந்தது. இன்று சங்கத்துச் சேலையும் சறமும் இந்திய விசைத்தறித் துணியோடு ஒரே கடைத்தட்டில் விலைக்கு நிற்கின்றன.

1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பொருந்தாது. எனவே சங்கத்தின் நெசவுசாலை மூடப்பட்டால், சங்கப் பொதுக்கூட்டமும் வட மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களமுமே முதல் வாசல்கள். உங்கள் பங்குப் பணம், சங்கத்திலுள்ள சேமிப்பு, கொடுபடாத கூலி ஆகியவற்றைக் கணக்கிட்டு எழுத்தில் கேளுங்கள். சங்கம் சேமலாப நிதிக்குப் பணம் செலுத்தியதா என்பதைத் தொழில் அலுவலகத்தில் தனியாக விசாரியுங்கள்.

தறியை விட மனமில்லாதவர்கள் வட மாகாணத் தொழிற்துறைத் திணைக்களத்தை அணுகலாம். கைத்தறி மாகாணசபையின் பொறுப்புக்குட்பட்ட துறை. நூல், சாயம், வடிவமைப்புப் பயிற்சி, கண்காட்சியில் இடம் என்று அந்தந்த ஆண்டின் ஒதுக்கீட்டைப் பொறுத்து உதவிகள் அமையும் என்பதால், ஆண்டின் தொடக்கத்திலேயே போய்க் கேட்பது பயன் தரும். மலிவுத் துணியோடு விலையில் போட்டியிடும் சாதாரண இரகங்களை நெய்வதை விட, கைத்தறி என்பதற்காகவே வாங்குவோரைத் தேடி நெய்வதுதான் நிலைக்கும். வீட்டுத் தறியாளர் இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் சுயதொழில் ஓய்வூதியத் திட்டத்தையும் விசாரிக்கட்டும்.

ஏழாவது: அஸ்வெசும

அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கான அரசின் நலன்புரிக் கொடுப்பனவு. 2023 யூலை முதல் நடைமுறையில் உள்ள இது, வேலை இழந்ததற்கான நிவாரணம் அல்ல. குடும்பத்தின் மொத்த நிலையை மதிப்பிட்டு வழங்கப்படுவது. 2025 சனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாயும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாயும் என்று உயர்த்தப்பட்டது. விண்ணப்பம் கோரப்படும் காலத்தில் பிரதேச செயலகத்தினூடாகப் பதிய வேண்டும். மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், முதியோர் வீட்டில் இருந்தால் அவர்களுக்கான கொடுப்பனவுகள் தனியானவை என்பதையும் கேட்டறியுங்கள். வேலை போன பிறகு குடும்ப நிலை மாறியிருந்தால் அதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலக உத்தியோகத்தரிடமும் எழுத்தில் தெரிவித்து வையுங்கள்; வாய்ச்சொல் பதிவாகாது.

எட்டாவது: கைத்திறனுக்குச் சான்றிதழ், பிறகு அடுத்த வேலை

பத்து வருடம் இயந்திரத்தில் இருந்தவருக்கு மறுபடியும் ஆரம்பப் பயிற்சி தேவையில்லை. அவரிடம் உள்ள திறனுக்கு ஒரு தாள்தான் தேவை. தேசிய தொழில் தகைமை முறையில், முன்னர் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு உண்டு. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம். வேலை போனவர்கள் கவனிக்காமல் விடும் உதவி இதுவே என்பது என் எண்ணம். இன்னொரு நிறுவனத்தில் சேர்வதற்கும், வெளிநாடு போவதற்கும், பயிற்றுநராக விண்ணப்பிப்பதற்கும் இது கைகொடுக்கும்.

துறையையே மாற்ற விரும்பும் இளையோருக்கு யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், 2016இல் திறக்கப்பட்ட கிளிநொச்சி அறிவியல் நகரின் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகியவை உள்ளன. வேலை தேடுவோரைப் பதிவு செய்யும் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களில் இருப்பார்கள்.

சொந்தமாகத் தையலகம் தொடங்க எண்ணுவோர் கைத்தொழில் அபிவிருத்திச் சபையிடமும் பிரதேச செயலகத்தின் சிறுதொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவிடமும் முதலில் ஆலோசனை பெறட்டும். நட்டஈடும் பணிக்கொடையும் கைக்கு வரும் வரை, வாரத் தவணைக்குக் கடன் தரும் நுண்நிதி நிறுவனங்களிடம் போக வேண்டாம். வடக்கின் பெண்கள் அக்கடன்களால் பட்ட துன்பம் சிறிதன்று. 2018இல் அரசாங்கமே வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களை இரத்துச் செய்யும் திட்டத்தை அறிவிக்க வேண்டியிருந்தது.

ஒன்பதாவது: இறக்குமதிக்கு எதிரான ஆதாரத்தைக் கொடுக்க வேண்டிய இடம்

இறக்குமதியே காரணம் என்று சட்டத்தின் முன் சொல்லக்கூடிய ஓர் இடம் இலங்கையிலும் இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், உற்பத்தி நாட்டின் விலையை விடக் குறைத்து இங்கே கொண்டுவந்து குவிக்கப்படும் பொருட்களுக்கும், அந்நாட்டு அரசின் மானியம் பெற்று வரும் பொருட்களுக்கும் எதிரானது. அதே ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், திடீரென அதிகரித்த இறக்குமதியால் உள்நாட்டுத் தொழில் பாரதூரமாகப் பாதிக்கப்படும்போது தற்காலிகத் தடுப்பு நடவடிக்கை எடுக்க வழி செய்கிறது. இரண்டிலும் விசாரணையை முன்னெடுப்பது வர்த்தகத் திணைக்களம்.

தனித் தொழிலாளி இங்கே விண்ணப்பிக்க முடியாது. உள்நாட்டு உற்பத்தியில் பெரும்பங்கைப் பிரதிநிதித்துவப்படுத்தும் உற்பத்தியாளர்கள் சேர்ந்து வர வேண்டும். யாழ்ப்பாணச் சங்கங்கள் தனியே அந்த அளவை எட்ட முடியாது என்பதால், கிழக்கிலும் தெற்கிலும் உள்ள கைத்தறிச் சங்கங்களோடு சேர வேண்டியிருக்கும். அதற்குத் தேவைப்படுவது ஆண்டுவாரியான சான்று: எத்தனை தறி ஓடியது, எத்தனை மீற்றர் நெய்யப்பட்டது, என்ன விலைக்கு விற்றது, எத்தனை பேர் வேலையிழந்தார்கள், அதே காலத்தில் அதே வகைத் துணி என்ன விலைக்கு இறக்குமதியானது. முதல் நான்கும் சங்கங்களின் பழைய பேரேடுகளில் உள்ளன. இறக்குமதிப் புள்ளிவிபரத்தை இலங்கைச் சுங்கத்திடம் கேட்டுப் பெறலாம், மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். ஆகையால் மூடப்படும் நெசவுசாலையின் பேரேடுகளைப் பழைய கடதாசியாக விற்றுவிடாமல், சங்கச் செயலாளர் ஒருவரின் பொறுப்பில், ஆண்டு வரிசையில் அடுக்கி வைக்கும்படி அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தீர்மானம் எடுங்கள்.